கால் சுட்டவரின் கல்லறையில்

அத்தைக்கு வலது காலில் சர்க்கரைப் புண். ஆறு மாதமாகக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தோம். "பரணங்கானத்துக்கு ஒருதடவை கூட்டிட்டுப் போயிரு" என்று நச்சரித்தார். கேரளத்தில், புனித அல்போன்சாவின் கல்லறை இருக்கும் ஊர் அது. சரி என்று கிளம்பினோம். குமுளி வழியாகப் பாலா. அங்கிருந்து ஈராற்றுப்பேட்டை பஸ்ஸில் கொஞ்ச தூரம். வழியெல்லாம் மழை.

எனக்கு அல்போன்சம்மாவின் கதையில் ஒரு நெருடல் உண்டு. 1910இல் குடமாளூரில் பிறந்த அன்னக்குட்டி, தாயை இழந்து, தாயின் சகோதரி வீட்டுக் கண்டிப்பில் வளர்ந்த பிள்ளை. 13 வயதில் கல்யாணப் பேச்சு வந்தது. கன்னியர் மடத்துக்குப் போக ஆசைப்பட்டவள், உமி எரிந்த குழியில் காலை விட்டுவிட்டாள். கால் வெந்துபோனால் மாப்பிள்ளை வீட்டார் வரமாட்டார்கள் என்ற கணக்கு. மறைக்கல்வி வகுப்பில் இதைப் பக்தி என்று சொன்னார்கள். எனக்கோ அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளை வாயால் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்பதுதானே அதற்கு அர்த்தம்?

பிறகு கிளாரிஸ்ட் கன்னியர் சபையில் சேர்ந்து அல்போன்சா ஆனார். வாகக்காட்டில் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். மற்றபடி ஓயாத நோய்தான். 1946 ஜூலை 28இல், 36 வயது நிறையும் முன்னே இறந்தார். பெரிய மடாலயம் நிறுவவில்லை, ஊர் ஊராகப் போகவில்லை. அவரை அறிந்த பள்ளிப் பிள்ளைகள்தான் முதலில் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். புனிதர் பட்டத்துக்கு ஏற்கப்பட்ட அற்புதமும் ஒரு குழந்தையின் வளைந்த பாதம் நேரானதுதான். மறுபடியும் கால்! 2008 அக்டோபர் 12 அன்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தபோது, இந்தியாவின் முதல் பெண் புனிதர் ஆனார்.

கல்லறைக்கு முன் அத்தை வெகுநேரம் ஏதோ முணுமுணுத்தார். வெளியே வந்ததும், "புண் ஆறணும்னு வேண்டிக்கிட்டீங்களா?" என்றேன்.

"அதை மறந்தே போனேன்டா. அன்னிக்கு உனக்கு எவ்வளவு எரிஞ்சிருக்கும்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

*

வாசகர் ஒருவரின் பதில்: 1986 பிப்ரவரி 8 அன்று, அல்போன்சம்மாவுக்கு அருளாளர் பட்டம் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) கொடுத்தபோது, நான் கோட்டயத்தில் இருந்தேன். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எனக்கு ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரிந்தார். அப்பா அழுததுதான் நன்றாக நினைவிருக்கிறது. அன்று அருளாளர் பட்டம் பெற்றவர்கள் இருவர். இன்னொருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த கேரளக் குருவானவர் சாவரா குரியாக்கோஸ் எலியாஸ். 1936இல் நோயில் கிடந்தபோது சாவரா அச்சன் தனக்குத் தோன்றி வலியைத் தீர்த்ததாக அல்போன்சம்மாவே சொல்லியிருக்கிறார். ஒரே மேடையில் இருவரும்! அப்புறம் சாவரா அச்சன் புனிதராக 2014 வரை காத்திருந்தார். அல்போன்சம்மா முந்திக்கொண்டார். அது சரி, அத்தையின் கால் எப்படி இருக்கிறது?

*

மறுமொழி: ஆறிவிட்டது, ஆனால் நாலு மாதம் பிடித்தது. பாதிப் பெயர் டாக்டருக்கு, பாதி அல்போன்சம்மாவுக்கு என்று அத்தை பிரித்துக் கொடுத்துவிட்டார். தினமும் கட்டு மாற்றியவனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.