பெட்ரோல்ல ஆயில் கலக்கணுமா மாமா?

நான்: புது புல்வெட்டி வந்துருச்சு 📷
நான்: மாமா, பெட்ரோல்ல எவ்வளவு ஆயில் கலக்கணும்? பழைய பிரஷ் கட்டருக்குக் கலந்து வச்ச பாட்டில் பாதி இருக்கு. அதையே ஊத்திடவா?

மாமா: ஊத்தாதே
மாமா: எஞ்சினைக் கிட்டத்துல படம் எடுத்து அனுப்பு. ஆயிலுக்குத் தனி மூடி இருக்கா பாரு

நான்: 📷 இருக்கு. மஞ்சள் மூடி, உள்ள குச்சி மாதிரி ஒண்ணு

மாமா: அப்ப ஃபோர் ஸ்ட்ரோக். இதுல ஆயில் கீழ கிராங்க்கேஸ்ல தனியா நிக்கும், டேங்க்ல வெறும் பெட்ரோல் மட்டும்தான். பழசு டூ ஸ்ட்ரோக். அதுல ஆயில் நிக்க இடமே கிடையாது, பெட்ரோலோட போற ஆயில்தான் பேரிங்கை நனைக்கணும். அதுக்காகத்தான் கலந்தோம்

அத்தான்: கொஞ்சம் கலந்தா கூடுதல் பாதுகாப்புதானே மாமா?

மாமா: இல்லீங்க மாப்பிள்ளை. புகை வரும், பிளக்ல கரி பிடிக்கும், அவ்வளவுதான்

மாமா: இன்னொண்ணு. புது மெஷின் பெரும்பாலும் ஆயில் இல்லாமத்தான் பெட்டியில வரும். ஆயில் ஊத்தாம கயிறை இழுத்துடாதே

அக்கா: இந்நேரம் இழுத்திருப்பான்

நான்: கைப்பிடியே இன்னும் மாட்டலக்கா

அம்மா: இனிய காலை வணக்கம் 🌺

அக்கா: அம்மா, மணி ரெண்டு

அத்தான்: மச்சான், காருக்கு வாங்கின 5டபிள்யூ-30 சிந்தெடிக் மிச்சம் இருக்கு. தரட்டுமா? மாமா, ஊத்தலாமா?

மாமா: அந்த நம்பர் ஆயிலோட கெட்டித்தன்மையைச் சொல்றது. புக்ல அது போட்டிருந்தா தாராளமா ஊத்தலாம். இந்த மாதிரி எஞ்சினுக்குப் பொதுவா 10டபிள்யூ-30 சொல்வாங்க. வெயில்லயே ஓடுற மெஷின்னா எஸ்ஏஇ 30ன்னு ஒத்தை நம்பர் ஆயில் நல்லா நிக்கும். 27 டிகிரிக்கு மேல 10டபிள்யூ-30 கொஞ்சம் கூடுதலா எரியலாம்னு எஞ்சின் செய்யுற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன்காரங்களே சொல்றாங்க. அப்படி ஊத்தினா அளவை அடிக்கடி பார்த்துக்கணும். டப்பாவுல ஆயில் தரத்தைச் சொல்ற ஏபிஐ எஸ்ஜே, இல்ல அதுக்குப் பின்னால வர்ற எழுத்து இருக்கணும்

நான்: பைக் ஆயில்?

மாமா: அதுல ஜேசோ எம்ஏன்னு போட்டிருக்கிறது ஆயில்லயே முங்கி ஓடுற கிளட்சுக்காக. இதுல அந்தக் கிளட்ச் இல்ல. நம்பர் சரியா இருந்தா கெடுதலும் இல்ல. டூ ஸ்ட்ரோக்குக்குக் கலக்குற டூ-டி ஆயில் மட்டும் கிராங்க்கேஸ்ல போகவே கூடாது

மாமா: பிராண்டு பிராண்டுன்னு அலையாதே. இந்தச் சின்ன எஞ்சின் பலதுல ஆயில் பம்பும் இல்ல, ஃபில்டரும் இல்ல. உள்ள ஒரு கரண்டி சுத்திச் சுத்தி ஆயிலை வாரி அடிக்கும். தேயுற இரும்புத் துகள் எல்லாம் அந்த அரை லிட்டர்லயேதான் கிடக்கும். காத்துல குளிர்ற எஞ்சின் வேற, சூடு அதிகம். விலை உசந்த ஆயிலை வருஷக்கணக்கா விடுறதை விட சாதா ஆயிலை நேரத்துக்கு மாத்துறது எவ்வளவோ மேல்

அத்தான்: எத்தனை நாளைக்கு ஒருக்க மாமா?

மாமா: ஹோண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி எஞ்சினுக்கு முதல் மாசம் இல்ல 20 மணி நேரம், எது முன்னால வருதோ அது. அப்புறம் 6 மாசம் இல்ல 100 மணி நேரம். இவனுதுக்குப் புக்ல என்ன இருக்கோ அதான். எஞ்சின் வெதுவெதுன்னு இருக்கும்போது வடிச்சா அழுக்கும் சேர்ந்து வந்துடும்

நான்: புக்ல 0.55 லிட்டர்னு இருக்கு

மாமா: ஒரேயடியா கவுத்துடாதே. சமதளத்துல வச்சு, கொஞ்சம் குறைவா ஊத்தி, குச்சியால பார்த்துப் பார்த்து நிரப்பு. சிலதுல குச்சியைத் திருகாம சும்மா விட்டுப் பார்க்கணும், சிலதுல திருகிப் பார்க்கணும். புக்ல படம் போட்டிருப்பான். அளவு கூடினா ஏர் ஃபில்டர் வரைக்கும் ஆயில் ஏறும்

அக்கா: கலந்த பாட்டில் சும்மாதானே கிடக்கு, பழைய பிரஷ் கட்டருக்காவது ஆகுமா மாமா?

மாமா: எப்பக் கலந்தது?

நான்: மழைக்கு முன்னாடி 😬

மாமா: அதுக்கும் வேண்டாம். பெட்ரோல் ஒரு மாசத்துலயே கெட ஆரம்பிக்கும். இதுங்க ஸ்டார்ட் ஆகலைன்னு வந்தா நான் முதல்ல பார்க்கிறது பழைய பெட்ரோலைத்தான். லேசா இருக்கிறது ஆவியாப் போய், மிச்சம் பிசினாகி கார்புரேட்டர் ஜெட்டை அடைச்சுடும். அந்த ஓட்டை ரொம்பப் பொடிசு

மாமா: எத்தனாலும் பாரு. 10 சதவீதம் வரைக்கும் பெரும்பாலான எஞ்சின் தாங்கும். அதுக்கு மேலன்னா புக்ல அனுமதி இருக்கணும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். தண்ணி அதிகமாச்சுன்னா ரெண்டும் சேர்ந்து தனியாப் பிரிஞ்சு அடியில நின்னு அரிக்கும்

அத்தான்: அப்ப அந்த விலை உசந்த ஆக்டேன் பெட்ரோல்?

மாமா: 91 ஆக்டேன் போதும். மேல போனா இதுக்குப் பலம் கூடாது

அம்மா: பெட்ரோலை வீட்டுக்குள்ள வைக்காதீங்கடா

மாமா: உங்கம்மா சொல்றது சரி. சூடா இருக்கும்போது டேங்க்லயும் ஊத்தாதே, ஆறட்டும். ரொம்ப நாள் நிறுத்தப் போறேன்னா பெட்ரோல் குழாயை மூடிட்டுத் தானா அணையற வரைக்கும் ஓட விடு. டேங்க்ல இருக்கிறதையும் வடிச்சுடு

நான்: சரி மாமா. பிளேடைக் கழுவ சாய்க்கலாமா?

மாமா: பிளக் வயரைக் கழட்டிட்டு, ஏர் ஃபில்டர் மேல பார்க்கிற மாதிரி சாய். முதல்ல அளவு பார்த்துட்டுக் குச்சியைப் படம் எடுத்து அனுப்பு, அப்புறம் இழு