மறுமொழி: ‘பிளே’ என்பதற்குத் தளர்ச்சியா, ஆட்டமா?

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் முன்பக்கச் சத்தத்தையும் ஸ்டியரிங் கோளாறுகளையும் குறிக்கும் சொற்பட்டியலில், பட்டறைகளில் ‘பிளே’ எனப்படுவதற்கு, அதாவது இணைந்த உறுப்புகளுக்கிடையே வரும் வெற்றசைவுக்குத், ‘தளர்ச்சி’ என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் நல்ல சொல்தான். ஆனால் இந்த இடத்தில் அது பழுதுபார்ப்பவரைத் தவறான வேலைக்கு அனுப்பிவிடும் என்று கருதுகிறேன். தளர்ந்தது எதுவோ அதை முடுக்கினால் சரியாகிவிடும் என்பதே அச்சொல் தரும் பொருள். முன்சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் போல்ட் தளர்ந்திருந்தால் ஸ்பானரைப் போட்டு முடுக்கிவிடலாம். அந்த ஆர்மின் முனையில் சக்கரத்தைத் திரும்பவிடும் மூட்டான பால் ஜாயிண்ட் தேய்ந்திருந்தாலோ அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டிலும் முன்சக்கரப் பக்கம் ‘டொக்’ என்றுதான் சத்தம் வரும் என்பதால், பெயரிலேயே வேறுபாடு தெரிந்தாக வேண்டும்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துப் பட்டறைகளில் ‘வீல்ல ஆட்டம் இருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டி–மசினகுடி சாலையில் கல்லட்டியின் 36 வளைவுகளிலோ இறங்கும் வண்டியில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து உடனே மறுபக்கம் ஒடிப்பதும், இடையிடையே பிரேக்கை மிதித்து விடுவதுமாக, முன்பக்க மூட்டுகள் ஒவ்வொன்றும் ஓயாமல் மாறிமாறிச் சுமையேற்கின்றன. அதோடு, எஸ்டேட் மண்சாலையில் கல் பட்டு ரப்பர் உறை கிழிந்துவிட்டால், மழைநீரும் சேறும் உள்ளே புகுந்து கிரீஸைக் கெடுத்துவிடும். அதன்பின் தேய்மானம் விரைந்து நடக்கும். சமவெளியில் பலநாள் வெளியே தெரியாமல் இருக்கும் கோளாறு இங்கே முதல் வளைவிலேயே காதில் விழுகிறது.

மாருதி 800 போன்ற ஒரு வண்டியில் அதைக் கண்டறியும் முறையைப் பார்த்தால் சொற்களின் தேவை தானாக விளங்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தபின், சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கிறார்கள். அசைவு இருந்தால் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்கிறார்கள். அப்போது அசைவு நின்றுவிட்டால் வீல் பேரிங்கையும், நிற்காவிட்டால் பால் ஜாயிண்டையும் ஐயப்படுகிறார்கள். பிறகு சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து அசைப்பது, ஸ்டியரிங்கின் திருப்பத்தைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் ஸ்டியரிங் ரேக்குக்கும், அந்நகர்வைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின் முனை மூட்டான டை ராடு எண்டுக்கும் உரிய சோதனை. எனக்கு இவற்றைவிட நம்பகமாகத் தோன்றுவது, வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவே இப்படியும் அப்படியும் திருப்ப, மற்றவர் கீழே டை ராடு எண்டின் மேல் விரலை வைத்துப் பார்ப்பது. ராடு நகர்ந்தபின் ஒரு கணம் தாமதித்து அடுத்த உறுப்பு நகர்வதும், இடையில் உலோகம் மோதுவதும் விரல்நுனியில் தெளிவாகத் தெரியும்.

அந்தத் தாமதத்துக்குத்தான் பெயர் வேண்டும். ‘இடைவெளி’ என்றால் அசையாமல் நிற்கும் இடைவெளியும் அதில் அடங்கிவிடும். ஆகவே பட்டறையின் ‘ஆட்டம்’ என்பதையே வேராகக் கொண்டு இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். சக்கரங்கள் திரும்பத் தொடங்கும் முன் ஸ்டியரிங் வெறுமனே திரும்பும் சிறிதளவு, வண்டிக் கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் இருந்தால், அது ‘வெற்றாட்டம்’. அதைத் தொட வேண்டியதில்லை. மூட்டு தேய்ந்ததால் வருவது ‘தேய்வாட்டம்’. உறுப்பை மாற்ற வேண்டும், டை ராடு எண்டை மாற்றினால் அலைன்மெண்டும் (சக்கரங்கள் நிற்கும் கோணமும்) பார்க்க வேண்டும். ‘தளர்ச்சி’ என்பதை முடுக்கினால் தீரும் போல்ட், நட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். பால் ஜாயிண்ட்டின் தேய்வாட்டம் முற்றினால் மூட்டு கழன்று சக்கரம் மடங்கிவிடக்கூடும் என்பதால், மலைச்சாலையில் இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடையது.

‘ஆட்டம்’ என்றால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவதாகவும் பொருள்படும் என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்கு ஓட்டுநர்கள் ‘உதறுது’ என்கிறார்கள். எனவே ‘உதறல்’ என்று பிரித்துவிடலாம். பெரும்பாலும் சக்கரச் சமநிலை கெட்டு வருவது அது. வண்டி ஒரு பக்கமாகவே போவதற்கு ‘இழுப்பு’ போதும்.

பால் ஜாயிண்டுக்குப் பட்டியலில் உள்ள ‘பந்துக்கிண்ண மூட்டு’ என்பதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். தோள்மூட்டையும் இடுப்புமூட்டையும் பற்றிப் பள்ளிப் பாடநூலில் படித்த எவருக்கும் பால் ஜாயிண்டின் அமைப்பு அந்தப் பெயரிலேயே புரிந்துவிடும்.

சத்தங்களைப் பொறுத்தவரை, பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஒற்றையாக விழும் ‘டொக்’ என்பதற்கு ‘முட்டொலி’ என்றும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கையில் எஞ்சின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டிரைவ் ஷாஃப்டின் ஜாயிண்டிலிருந்து அடுக்கடுக்காக வரும் ‘டக் டக்’ என்பதற்குத் ‘தொடர்முட்டொலி’ என்றும் வைக்கலாம். நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, சுருள்வில்லின் மேல்முனையைத் தாங்கித் திரும்பவிடும் ஸ்ட்ரட் மவுண்ட் இறுகிப்போனதால் சுருள்வில் முறுகித் தெறிக்கும் ஒலிக்கு மட்டும் எனக்கு மனநிறைவான சொல் அகப்படவில்லை. கொடைக்கானல், வால்பாறைப் பக்கம் உள்ள அன்பர்கள், தங்கள் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு வழங்கும் சொல்லைக் கேட்டு எழுதினால், அதையே பட்டியலில் சேர்த்துவிடலாம்.