கோத்தகிரி பக்கம் டீ விவசாயி யாராச்சும் தெரியுமாங்க?

வணக்கங்க, நான் பாலக்கோடு. வீட்டுக்கு கலப்படம் இல்லாத டீத்தூள் வேணும், சிறு விவசாயி கிட்டயே நேரா வாங்கணும். போன மாசம் சந்தையில லூஸ்ல அரை கிலோ வாங்கினேன், கலர் மேல சந்தேகமா இருந்துச்சுன்னு ஈர டிஷ்யூ பேப்பர்ல கொஞ்சம் தூவி பாத்தா செவப்பா கறை பூ மாதிரி பரவுது, இதையா இத்தன நாளா அப்பாவுக்கு போட்டு குடுத்தோம்னு பகீர்னு ஆயிடுச்சு.

கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் சிறு விவசாயிங்க பெரும்பாலும் பச்ச இலைய பறிச்சு ஃபேக்டரிக்கு குடுத்துடுவாங்கன்னு தெரியும், ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல இலை போகுதே, அதனால எல்லார்கிட்டயும் தூள் இருக்காது. ஆனா சின்னதா யூனிட் போட்டு தானே டீ தயாரிக்கிறவங்களும் இருப்பாங்கல்ல, அவங்க நம்பர் தான் வேணும். இன்ட்கோசர்வ் வாங்குங்கன்னு சொல்லாதீங்க, கூட்டுறவு டீ தான், நல்லது தான், ஆனா எனக்கு ஆள் தெரிஞ்சு வாங்கணும்.

இன்னொரு டவுட்டு. எங்க வீட்ல பால் டீ தான், ஆர்த்தடாக்ஸ் (இலை இலையா சுருட்டுன டீ) பால்ல சப்புனு இருக்கும், சிடிசி (குருணை மாதிரி இருக்குற தூள்) தான் திக்கா வரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, குடிச்சு பாத்தவங்க சொல்லுங்க.

நாலு வீடு சேந்து மாசம் 5 கிலோ எடுப்போம். தர்மபுரிக்கு பார்சல் போட்டா போதும், போய் எடுத்துக்குறோம். முதல்ல 100 கிராம் சாம்பிள், அதுக்கும் காசு குடுத்துடுறேன். தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல வாங்க.