கிரைண்டர் பிடித்தால் எங்கள் வீட்டு ட்ரிப் விழுகிறது, பக்கத்து வீட்டில் விழவில்லை. பழுது எங்கே?

உப்புவெளி வள்ளம்:

வணக்கம். நான் உப்புவெளிக் கடற்கரையில் பைபர் படகு திருத்துகிறவன். வாடைக் காற்றுத் தொடங்கிப் படகுகள் கரையேறிவிட்டன, அதனால் எனக்கு இப்போதுதான் வேலை கூடின காலம். ஓலைக் கொட்டிலுக்குள் படகைக் கவிழ்த்துப் போட்டு, வெடித்த இடத்தை 4 அங்குலக் கிரைண்டரால் தேய்த்து, மட் என்கிற கண்ணாடி இழைப் பாயை ஒட்டி ரெசின் பூசுகிறோம். கிரைண்டர் வாங்கி மூன்று வருடம். இரண்டு வயர்தான், எர்த் இல்லை.

ஒரு வாரமாகப் பிரச்சினை. வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து வேலையைத் தொடங்கினால் ஐந்து நிமிடம் ஓடும், பிறகு வீட்டு ட்ரிப் சுவிட்ச் விழுந்துவிடும். தூக்கிவிட்டால் நிற்கும். மறுபடி கிரைண்டரைப் பிடித்தால் மறுபடி விழும். முன்பக்க உலோகத் தலையில் விரல் பட்டால் சுர்ரென்று ஒரு கூச்சமும் வருகிறது.

பக்கத்து வீட்டு அண்ணனின் லைனில் போட்டுப் பார்த்தேன். அங்கேயும் கூச்சம் இருக்கிறது, ஆனால் ட்ரிப் விழவில்லை. அதனால் எங்கள் வீட்டு ட்ரிப்தான் பழுது என்று நினைக்கிறேன். அதைக் கழற்றிவிட்டு நேரே கொடுக்கலாம் என்கிறான் மச்சான். மூன்று படகு வரிசையில் நிற்கிறது, பொங்கலுக்கு முன் ஒன்றையாவது கொடுத்தாக வேண்டும். என்ன செய்யலாம்?

பாலையூற்று:

எங்கள் வேலைத்தளத்திலும் மாரி காலத்தில் இப்படித்தான் வரும். சின்ன ஜெனரேட்டரில் போட்டோம், பிறகு விழவில்லை. இல்லாவிட்டால் 30 மில்லி அம்பியர் ட்ரிப்பைக் கழற்றிவிட்டு 100 போடுங்கள். 30 சும்மா சும்மா விழும்.

கிண்ணியா வயரிங்:

தம்பி, ட்ரிப்பில் கை வைக்க வேண்டாம் என்று முதலில் மச்சானிடம் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அந்தச் சுவிட்ச் என்ன செய்கிறது தெரியுமா? லைனில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. போனதில் 30 மில்லி அம்பியர் அளவு திரும்பி வராவிட்டால் வெட்டிவிடும், பல நேரம் அதற்கும் முன்பே வெட்டும். லோட் கூடினால் விழுவது வேறு, அது பக்கத்தில் இருக்கிற சின்ன பிரேக்கர்களின் வேலை. ஆகவே உங்கள் விஷயத்தில் கேள்வி ஒன்றுதான். திரும்பி வராத கரண்ட் எந்த வழியால் நிலத்துக்குப் போனது?

பாலையூற்றுத் தம்பி சொன்ன இரண்டும் சரிவராது. சின்ன ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரலை நிலத்தோடு கட்டியிருக்க மாட்டார்கள். கசிகிற கரண்ட் நிலம் வழியாகத் திரும்பிப் போக வழி இல்லாததால் ட்ரிப்புக்கு ஒன்றும் தெரிய வராது. கிரைண்டரின் பழுது உள்ளே அப்படியேதான் இருக்கும். என்றைக்காவது மற்ற வயரில் ஒரு வெடிப்பு ஈர மணலைத் தொட்டால் அன்றைக்கு உயிருக்கு ஆபத்து. 100 மில்லி அம்பியர் ட்ரிப் வீட்டில் நெருப்புப் பிடிக்காமல் இருக்கப் போடுவது. ஆளைக் காக்க 30தான். பத்து மில்லி அம்பியரைத் தாண்டினாலே பிடித்த கையை விரிக்க முடியாமல் போகலாம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஆனால் கிரைண்டரை இனிப் பிடித்துப் பார்க்கவே வேண்டாம், நடந்ததை யோசித்துச் சொன்னால் போதும். எக்ஸ்டென்ஷன் வயரை மட்டும் தனியே போட்டால் ட்ரிப் விழுகிறதா? விழுந்த நேரங்களில் காலில் என்ன போட்டிருந்தீர்கள்? யாரும் தொடாமல் பலகையில் வைத்து ஓடவிட்ட நேரம் எப்போதாவது விழுந்ததா?

உப்புவெளி வள்ளம்:

நன்றி நானா. வயரை மட்டும் இப்போது இரண்டு மணி நேரம் போட்டு வைத்தேன், விழவில்லை.

கொட்டிலுக்குள் மணல் ஈரம். செருப்புப் புதையும் என்று வெறுங்காலோடுதான் நிற்பேன். விழுந்த எல்லா நேரமும் வெறுங்கால்தான். சுவிட்சைப் பூட்டிக் கிரைண்டரைப் பலகையில் வைத்துவிட்டு மட் வெட்டப் போவேன், அது பாட்டுக்கு ஓடும். அப்போது ஒரு தடவையும் விழவில்லை. ஒருநாள் மச்சான் ரப்பர்ச் சப்பாத்தோடு அரை மணி நேரம் பிடித்தான், அப்போதும் விழவில்லை. நான் பிடிக்கிற விதத்தில்தான் ஏதோ பிழை என்று வீட்டிலும் சொல்கிறார்கள்.

கிண்ணியா வயரிங்:

பிடிக்கிற விதத்தில் பிழை இல்லை தம்பி. இதைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள்.

கிரைண்டரின் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும். இரட்டைக் காப்பு, அதாவது கரண்ட் வெளியே கசியாமல் இரண்டு தடுப்பு என்று அர்த்தம். அதனால்தான் அதற்கு எர்த் வயர் இல்லை. எர்த் வயர் இல்லாத சாமானில் காப்புக் கெட்டுவிட்டால், கசிகிற கரண்ட் நிலத்துக்குப் போக ஒரே வழி பிடித்திருக்கிற ஆள்தான். பலகையில் வைத்தால் விழவில்லை, சப்பாத்துப் போட்டவர் பிடித்தால் விழவில்லை, ஈர மணலில் வெறுங்காலோடு நீங்கள் பிடித்தால் மட்டும் விழுகிறது. காணாமல் போன கரண்ட் உங்கள் கையால் ஏறிக் காலால் இறங்கியிருக்கிறது. ஐந்து நிமிடம் என்பதும் மோட்டார்க் கணக்கு இல்லை, உங்கள் விரல் முன்னால் நழுவி உலோகத் தலையில் நன்றாகப் பட எடுக்கிற நேரம் அது. ஒரு வாரமாக அந்த ட்ரிப் ஒவ்வொரு தடவையும் உங்களைக் கழற்றிவிட்டிருக்கிறது.

கிரைண்டரை ஒரு பக்கம் வையுங்கள். யாரும் எடுக்காதபடி பிளக்கை வெட்டிவிட்டாலும் நல்லது.

பக்கத்து வீட்டில் விழவில்லை என்பதுதான் எனக்கு இதைவிடப் பயம். கூச்சம் வந்தும் ஏன் விழவில்லை? அன்றைக்குக் காய்ந்த தரையில் நின்றிருக்கலாம், அல்லது அந்த ட்ரிப் வேலை செய்யாமல் இருக்கலாம். ட்ரிப்பின் முகத்தில் ஒரு சின்னச் சோதனைப் பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். உங்கள் வீட்டிலும் அந்த வீட்டிலும் அழுத்திப் பாருங்கள்.

சீனக்குடா திருத்துமிடம்:

கிண்ணியா நானா சொன்னது சரி. கிரைண்டருக்குள் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்கிறேன். படகு வேலைக்காரர்களின் கிரைண்டர் எங்களிடம் நிறைய வருகிறது, எல்லாம் ஒரே வருத்தம்தான்.

மோட்டாரோடு உள்ளே ஒரு காற்றாடி சுற்றுகிறது. அது பின்னால் இருக்கிற துவாரங்களால் காற்றை இழுத்து, மோட்டாரைக் குளிர வைத்து, முன்னால் தள்ளுகிறது. நீங்கள் தேய்க்கிற கண்ணாடித் தூளும் அதே காற்றோடு உள்ளே போகிறது. மரத்தூள் என்றால் அடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கண்ணாடித் தூள் மண் கடதாசி மாதிரி. கம்பிச் சுற்றின் வார்னிஷைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும், பெயாரிங்குக்குள் போகும், சுவிட்சுக்குள்ளும் போகும். மோட்டாரின் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற காபன் பிரஷ் தேய்ந்து கொட்டுகிற கறுப்புத் தூள் கரண்டைக் கடத்தக்கூடியது. இரண்டும் சேர்ந்து அப்பி, மேலே உப்புக் காற்றின் ஈரமும் ஏறினால், கரண்ட் இருக்கிற இடத்திலிருந்து ஆமேச்சர் என்கிற அந்தச் சுற்றுகிற பாகத்தின் தண்டுக்கு ஒரு பாதை விழுந்துவிடும். தண்டு போய்ச் சேருவது நீங்கள் பிடிக்கிற உலோகத் தலைக்குள்.

திறக்கத் தெரிந்தவர் என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து, உலர்ந்த பெயின்ற் பிரஷால் தூளை எடுங்கள். காற்றடித்தால் முகமூடியும் கண்ணாடியும் போட்டு வெளியில் வைத்து அடியுங்கள். தண்ணீர் வேண்டாம், பெற்றோல் வேண்டவே வேண்டாம். காபன் பிரஷ் 5 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பொறி கூடும்.

சுத்தம் செய்தபின் ஓடுகிறது என்பதை வைத்துச் சரி என்று முடிவு எடுக்காதீர்கள். இப்போதும் அது ஓடத்தானே செய்கிறது? காப்பைச் சோதிக்கிற 500 வோல்ற் மெகர் மீற்றர் உள்ள இடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். பிளக்கின் இரண்டு முள்ளையும் சேர்த்து ஒரு முனை, உலோகத் தலையில் மறு முனை. கிரைண்டரின் சுவிட்ச் போட்ட நிலையில் இருக்க வேண்டும், மறந்தால் வயரை மட்டும்தான் சோதிப்பீர்கள், மோட்டார் சோதனைக்குள் வராது. இரட்டைக் காப்புச் சாமானுக்கு 2 மெகா ஓம் ஆகக் குறைந்த அளவு, நல்ல கிரைண்டர் அதைவிடப் பல மடங்கு காட்டும். சாதாரண மல்டிமீற்றரால் இதைப் பார்க்க முடியாது. அதன் பற்றரி வோல்ற் மிகக் குறைவு, கெட்ட காப்பையும் நல்லது என்று காட்டிவிடும்.

மூதூர் தச்சர்:

மின்சார விஷயத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். தம்பி எழுதியதில் வேறு ஒரு வரி என்னை உறுத்துகிறது. சுவிட்சைப் பூட்டிப் பலகையில் வைத்துவிட்டு மட் வெட்டப் போவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவு செய்து அதை விடுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்த நாட்களில் என் பட்டறையில் நடந்தது. வேலை செய்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கிரைண்டரை மேசையில் வைத்தோம், சுவிட்ச் பூட்டியபடியே இருந்ததை யாரும் கவனிக்கவில்லை, பிளக்கையும் கழற்றவில்லை. பின்னேரம் கரண்ட் வந்ததும் அது தானாகச் சுற்றி மேசையிலிருந்து பாய்ந்தது. கீழே இருந்து பலகை அடுக்கிய பையனின் காலைக் கிழித்துவிட்டது. அவன் இன்றைக்கும் அந்தக் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். அன்றிலிருந்து என் பட்டறையில் கிரைண்டர் கையை விட்டுப் போனால் பிளக்கும் சுவரை விட்டு வர வேண்டும். தட்டு மாற்றும்போதும் அப்படித்தான்.

தட்டையும் பாருங்கள். வெட்டுத் தட்டின் நடு வளையத்தில் மாதமும் வருடமும் அடித்திருக்கும், அதுதான் கடைசித் திகதி. ரெசினால் ஒட்டிய தட்டு, செய்து மூன்று வருடம்தான் கணக்கு, ஈரத்தில் கிடந்தால் அதற்கு முன்பே பலம் போகும். கடற்கரைக் கொட்டிலில் ஆணியில் தொங்கவிட்டிருந்தால் அதை எறியுங்கள். கவசத்தைக் கழற்றிவிட்டுச் சின்னக் கிரைண்டரில் 7 அங்குலத் தட்டுப் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அந்தத் தட்டுத் தாங்குவது நிமிடத்துக்கு 8,500 சுற்று அளவு. சின்னக் கிரைண்டர் சுற்றுவது 11,000க்கு மேல். வெடித்தால் முகத்துக்குத்தான் வரும்.

நிலாவெளி:

என் கணவரும் பைபர் வேலைதான். சாரம், சேர்ட்டைப் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துத் துவைத்து எல்லோருக்கும் அரிப்பு வந்தது. தனியாகத் துவையுங்கள். முகத்துக்குத் துவாய் கட்டினால் அந்தத் தூள் நிற்காது, என்95 முகமூடி வாங்குங்கள். இரண்டு வருடம் இருமிய பிறகுதான் இவர் வாங்கினார்.

உப்புவெளி வள்ளம்:

எல்லோருக்கும் நன்றி. நானா எழுதியதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. என் மகனும் இரண்டு நாள் அந்தக் கிரைண்டரைப் பிடித்தவன்.

நேற்றுச் சீனக்குடாவுக்குக் கொண்டுபோனேன். திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் களி மாதிரி அப்பியிருந்தது. மெகர் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டியது. சுத்தம் செய்து, பிரஷ் மாற்றி, வெயிலில் காயவைத்துப் பார்த்தும் 0.6 மெகா ஓமுக்கு மேல் ஏறவில்லை. ஆமேச்சர்ச் சுற்றில் வார்னிஷ் உரிந்திருப்பதை அந்த அண்ணன் கையால் காட்டினார். புது ஆமேச்சர் விலையும் புதுக் கிரைண்டர் விலையும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் வயரை வெட்டி அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். கடற்கரைக்கு 18 வோல்ற் பற்றரிக் கிரைண்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். ரப்பர்ச் சப்பாத்தும் முகமூடியும் மூன்று பேருக்கும் எடுத்தேன். முதல் படகு பொங்கலுக்குப் போகாது, உரியவரிடம் காரணத்தைச் சொன்னேன், சரி என்றார்.

இனி ட்ரிப். எங்கள் வீட்டில் பொத்தானை அழுத்தினேன், உடனே விழுந்தது. அண்ணன் வீட்டில் அழுத்தினோம், விழவில்லை. மூன்று தடவை அழுத்தியும் விழவில்லை. பத்து வருடமாக யாரும் அதைத் தொட்டதில்லையாம், பெட்டிக்குள் உப்புப் பூத்திருக்கிறது. அந்த வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். கிணற்று மோட்டாரும் அதே லைனில்தான் ஓடுகிறது. நானா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா?

கிண்ணியா வயரிங்:

ஞாயிறு வரை வைக்க வேண்டாம். நாளைக்குச் சுபஹுத் தொழுதுவிட்டுப் பாலத்தால் வந்துவிடுகிறேன், 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஒன்று என்னிடமே இருக்கிறது. எர்த் கம்பியையும் பார்க்க வேண்டும், கடற்கரை மண்ணில் கிளிப் துருப்பிடித்துப் போயிருக்கும். அதுவரை மோட்டாரைப் போட வேண்டாம் என்று அண்ணனிடம் இப்போதே போய்ச் சொல்லுங்கள். இன்றைக்கு வாளியால் அள்ளட்டும்.