1.7 டன் பிக்கப் பின்னால் உட்காருகிறது: பட்டை கூட்டுவதா, ஏர் பெல்லோ போடுவதா?

சந்தைவண்டி:
அண்ணன்மாருக்கு வணக்கம். சொந்த பிக்கப், நான்கு வருடமாக ஓட்டுகிறேன். வாரம் நான்கு நடை, ஒட்டன்சத்திரத்திலிருந்து பழனி வழியாகக் கொடைக்கானலுக்கு வெங்காயம். 34 மூட்டை ஏற்றினால் பின்பக்க ஸ்பிரிங் பட்டை வளைவு போய் நேராகிவிடுகிறது, பள்ளத்தில் ஆக்சில் சேஸிஸில் மோதாமல் தடுக்கிற பம்ப் ரப்பர் 'டம்'மென்று இடிக்கிறது. இடதுபக்கம் இரண்டு விரல் தாழ்ந்து நிற்கிறது. ஹெட்லைட்டைத் தாழ்த்தி டிப்பில் போனாலும் எதிரே வருகிறவர்கள் லைட் அடிக்கிறார்கள். மலை ஏறும்போது ஸ்டியரிங் லேசாகிவிடுவதுதான் பயமாக இருக்கிறது. திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி. மெக்கானிக் இரண்டு பட்டை கூட்டச் சொல்கிறார், நண்பர் ஏர் பெல்லோ, அதாவது பட்டைக்குத் துணையாகக் காற்று அடைத்து வைக்கிற ரப்பர் பை என்கிறார். எதைச் செய்யட்டும்?

பட்டைவேலை:
தம்பி, இரண்டையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒருபக்கம் மட்டும் தாழ்ந்தால் முதலில் பழைய பட்டைகளை அடுக்கிய கட்டைப் பார்க்க வேண்டும். கட்டை ஆக்சிலோடு பிடித்திருக்கிற யூ போல்ட்டைக் கழற்றி, பட்டைகளைப் பிரித்து, வயர் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். சென்டர் போல்ட் துளையை ஒட்டி முடி மாதிரி செந்துரு கோடு தெரிந்தால் அது விரிசல். யூ போல்ட்டின் பிடிக்குள் இருப்பதால் வெளியிலிருந்து கண்ணில் படாது.

கூட்டுவதானாலும் ஒன்றே போதும், அதே தடிமனில். ஆறு பட்டைக் கட்டில் ஒன்று கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஏறும். தடிமன் கணக்கு வேறு: 8 மி.மீ. இருந்த இடத்தில் 10 மி.மீ. வைத்தால் அந்தப் பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. விறைப்பு அதிகமானால் காலி வண்டியில் மலை இறங்கும்போது பின்சக்கரம் துள்ளும், ஈரத்தில் பிடிப்பே இருக்காது. அப்புறம், யூ போல்ட் புதிதாகப் போடுங்கள். முதல் லோடு ஓடியதும் மறுபடி டைட் வையுங்கள்.

மலைப்பாதை:
எடை போட்டீர்களா? முழு வண்டியை ஒரு தடவை, பின்சக்கரம் மட்டும் எடைமேடையில் நிற்கும்படி ஒரு தடவை. டயரின் பக்கச் சுவரில் 106 என்ற எண் இருந்தால் ஒரு டயர் தாங்குவது 950 கிலோ, இரண்டுக்கும் 1,900. பட்டை எத்தனை கூட்டினாலும் டயரும் ஆக்சிலும் பிரேக்கும் பழையவைதானே? ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் மாறாது. மீறினால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

காலியாகத் திரும்புகிற உங்களுக்கு ஏர் பெல்லோ பொருந்தும், ஏனென்றால் லோடுக்குத் தகுந்த மாதிரி காற்றை ஏற்றி இறக்கலாம். ஆனால் காலி வண்டியிலும் கம்பெனி சொன்ன குறைந்தபட்சக் காற்று இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் மடிந்து கிழியும்.

பட்டைவேலை:
ஒன்று விட்டுவிட்டேன். பின் ஆக்சிலிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கம்பி போகிறதா பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பதை வைத்துப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு அது. பட்டை கூட்டியோ காற்று ஏற்றியோ வண்டியைத் தூக்கினால், லோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். எது போட்டாலும் அதை மறுபடி செட் பண்ணாமல் மலையில் இறங்க வேண்டாம்.

சந்தைவண்டி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இடது கட்டில் இரண்டாவது பட்டை, சென்டர் துளையில் பாதிக்கு மேல் விரிசல் விட்டிருந்தது. கையில் எடுத்ததும் வயிறு கலங்கிவிட்டது. எடைமேடையில் இன்னொரு உண்மை தெரிந்தது: 50 கிலோ என்று நான் நம்பிய மூட்டை 54 இருந்தது. பின்பக்கம் மட்டும் 2,090 கிலோ. என் டயரும் 106தான்.

இரண்டு பக்கமும் கட்டைப் புதிதாக மாற்றினேன், பட்டை கூட்டவில்லை. இப்போது 30 மூட்டைதான், அதுவும் கேபினை ஒட்டி முன்னால் அடுக்கி. பின்பக்கம் 1,870 காட்டுகிறது, ரப்பர் இடிப்பதில்லை, ஸ்டியரிங் கைக்குள் நிற்கிறது. நடைக்கு நான்கு மூட்டை வாடகை போகிறது, போகட்டும். பெல்லோ இப்போதைக்கு வாங்கவில்லை. கம்பியைக் காட்டிய அண்ணனுக்கு நன்றி, புதுக் கட்டு போட்டதும் அதையும் செட் பண்ணியாயிற்று.