மாமல்லபுரம் ஐந்து ரதங்கள்: மெய்நிகர் சுற்றில் திசை குழம்புகிறது, பழைய போனில் படமே வருவதில்லை

கல்லும்கடலும்:
வணக்கம். பள்ளி வரலாற்று மன்றத்துக்காக ஐந்து ரதங்களை 360 பாகைக் கேமராவில் எடுத்து, உலாவியில் 360 பாகைப் படங்களைச் சுற்றிக் காட்டும் பேனலம் மென்பொருளில் கோத்திருக்கிறேன். விளக்குவதற்கு ஆள் இல்லாமல், பிள்ளைகளே அம்புக்குறியைத் தொட்டு ரதம் ரதமாகப் போக வேண்டும். என் கணினியில் நன்றாக ஓடுகிறது. பழைய போன்களில் மட்டும் கறுப்புத் திரை. படம் 11,008 பிக்சல் அகலம், கருவி 8,192 வரைதான் ஏற்கும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

அதைவிடத் தலைவலி இது: திரௌபதி ரதத்திலிருந்து தெற்கே பார்த்துத் தொட்டால், அர்ச்சுனன் ரதத்தில் மேற்கே யானையைப் பார்த்தபடி போய் இறங்குகிறோம். பிள்ளைகள் அடுத்த அம்பை வந்த வழியிலேயே தொட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

பழையலென்ஸ்:
முதல் சிக்கல் எளிது. அவசரமென்றால் படத்தை 8,192 × 4,096 ஆகச் சுருக்குங்கள். சிற்ப நுணுக்கம் வேண்டுமென்றால் பேனலத்துடன் வரும் பைத்தான் நிரலால் படத்தைச் சிறு ஓடுகளாக வெட்டிவிடுங்கள். அதற்கு ஹியூகின் என்ற படம் ஒட்டும் மென்பொருளும் நிறுவியிருக்க வேண்டும். பார்க்கும் பகுதி மட்டும் இறங்கும், மொபைல் டேட்டாவும் மிச்சம்.

வடக்குமுகம்:
திசைக்கு நான் சொல்கிறேன். ஒவ்வொரு காட்சிக்கும் 'நார்த் ஆஃப்செட்', அதாவது படத்தின் நடுப்பகுதி வடக்கிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்ற எண், கொடுத்தீர்களா? கொடுக்காவிட்டால் படத்தின் நடுப்பகுதியையே வடக்கு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். திசைகாட்டியைத் தேட வேண்டாம், இடமே உதவும். திரௌபதி, அர்ச்சுனன், பீமன், தர்மராஜன் ரதங்கள் நான்கும் வடக்கு தெற்காக ஒரே வரிசை. ஹாட்ஸ்பாட் டீபக் வசதியை இயக்கி, படத்தில் நேர்தெற்கே தர்மராஜ ரதம் தெரியும் இடத்தைத் தொட்டால் கிடைமட்டக் கோணம் வரும். தெற்கு என்பது 180 பாகை, அதிலிருந்து இந்தக் கோணத்தைக் கழியுங்கள். கோணம் 130 என்றால் ஆஃப்செட் 50. பிறகு அம்புக்குறியின் இலக்குக் கோணத்தில் 'சேம் அசிமத்' என்று எழுதினால், எந்தத் திசை பார்த்துக் கிளம்பினார்களோ அதே திசையில் போய் இறங்குவார்கள்.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். நகுல சகாதேவ ரதத்துக்குப் பெயர்ப்பலகை மட்டும் வைத்துவிடாதீர்கள். யானையின் பின்புறமும் ரதத்தின் வளைந்த பின்புறமும் அருகருகே தெரியும்படி, வடக்கிலிருந்து எடுத்த ஒரு காட்சி சேருங்கள். கஜபிருஷ்டம் என்றால் என்ன என்று எழுதி விளக்க வேண்டிய அவசியமே இராது.

கல்லும்கடலும்:
திசை சரியாகிவிட்டது ஐயா, மிக்க நன்றி. யானைக் காட்சி என்னிடமே இருக்கிறது, சேர்க்கிறேன். ஓடுகளும் வெட்டியாயிற்று. ஆனால் இணையமில்லாத ஆய்வகத்தில் பென்டிரைவிலிருந்து திறந்தால் பிழைச்செய்தி மட்டும் வருகிறதே?

பழையலென்ஸ்:
பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பீர்கள். அப்படித் திறந்தால் அருகிலுள்ள கோப்புகளைப் படிக்க உலாவி விடாது. பைத்தானோடு வரும் சிறு சர்வரை அந்தக் கணினியில் இயக்கி, அதன் வழியாகத் திறவுங்கள். இணையம் தேவையில்லை. பேனலம் கோப்புகளையும் அதே கோப்புறையில் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.