மருந்து போகிறது, தசை மட்டும் கேட்கவில்லை: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

பிரசவ அறைச் செவிலி
நீண்ட பிரசவம், இரவு முழுக்க, கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப். இங்கே பலருக்கும் தெரிந்த கதை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது. ஆனால் வயிற்றில் கை வைத்துப் பார்த்தால் கர்ப்பப்பை பிசைந்த மாவாகக் குழைந்து கிடந்தது. இரத்தம் நிற்கவில்லை. டிரிப்பைக் கூட்டினோம், இன்னும் கூட்டினோம், அசைவே இல்லை. பிபி அதிகம் என்பதால் கர்ப்பப்பையை இறுக்கும் எர்கோமெட்ரின் ஊசியும் போட முடியாது. டாக்டர் தொடையில், வேறு வழியில் கர்ப்பப்பையைச் சுருக்கும் கார்போப்ரோஸ்ட் ஊசி போட்டார். சில நிமிடத்தில் என் உள்ளங்கைக்கு அடியிலேயே அது இறுகியது பாருங்கள், அதைத்தான் மறக்க முடியவில்லை. தசை களைத்துவிட்டது என்பார்கள். களைத்த தசை இப்படி இறுகுமா? ஆக்ஸிடோசின் சொன்னது மட்டும்தான் அதற்கு எட்டவில்லை. இப்போதெல்லாம் டிரிப் நீண்டுகொண்டே போனால், தலை தெரியும் முன்பே அந்த ஊசி குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.

நீல இன்ஹேலர்காரி
எனக்கும் அதே கதைதான், ஆனால் நெஞ்சில்: இழுப்பு, ஆஸ்துமா. அப்போது எனக்குக் கொடுத்திருந்தது சால்பியூட்டமால் மட்டும், மூச்சுக்குழலைத் தளர்த்தும் நீல இன்ஹேலர். நாள் முழுக்க அதை அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுத்தினேன், மூச்சைப் பிடித்தேன், விட்டேன். வழக்கமாக வரும் அந்தத் தளர்வு வரவில்லை. திரும்ப அழுத்தினேன். கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, மூச்சு மட்டும் அப்படியே. அவசரப் பிரிவில் நெபுலைசரில், வேறு வழியில் மூச்சுக்குழலைத் தளர்த்தும் இப்ராட்ரோப்பியமும் சேர்த்து வைத்து, ஸ்டீராய்டும் கொடுத்த பிறகுதான் பேச்சே வந்தது. சால்பியூட்டமால் போய் ஒட்டும் என் பீட்டா-2 ஏற்பிகள் மரத்துப்போய்விட்டன, சிஸ்டர் சொன்ன கர்ப்பப்பை மாதிரியே.

மருந்தியல் வாத்தியார்
மன்னிக்கணும், மாதிரியே இல்லை. இழுப்பு முற்றும்போது மூச்சுக்குழலின் சுவர் வீங்கியிருக்கும், சளி அடைத்திருக்கும். மென்தசை தளர்ந்தாலும் வழி திறக்காது. எல்லாப் பழியையும் ஏற்பி மேல் போட வேண்டாம்.

ஏற்பி மரத்துப்போவதும் உண்மைதான், மறுக்கவில்லை. மருந்து வந்து ஒட்டியதும் ஜிஆர்கே என்ற நொதி ஏற்பியின் உட்பகுதியில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதன்மேல் அரெஸ்டின் என்ற புரதம் வந்து உட்கார்ந்தால், செய்தியை உள்ளே கடத்தும் ஜி புரதத்துக்கு இடம் இல்லை. செய்தி வாசலோடு நின்றுவிடும். இவ்வளவும் நிமிடக்கணக்கில் நடக்கும். அப்புறம் ஏற்பியையே செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் திரும்பி வரும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் மருந்து தொடர்ந்தால் ஏற்பி சிதைக்கப்பட்டுவிடும், புதிதாகச் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் மூச்சுக்குழல் தசையில் ஏற்பிகள் தேவைக்கு மேல் இருப்பதால், சில போனாலும் தளர்வு பெரிதாகக் குறையாது. முதலில் குறைவது பாதுகாப்பு: ஓடினால், தூசி பட்டால் வரும் சுருக்கத்தை மருந்து முன்போலத் தடுக்காது. ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைப்பதோடு பீட்டா-2 ஏற்பி உற்பத்தியையும் கூட்டுகிறது. ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019-இல் நீல இன்ஹேலரை மட்டும் கொடுக்கும் பழக்கத்தைக் கைவிடச் சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

என் அனுபவம் ஆய்வகத்தில். கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டு, டைரோட் என்ற உப்புக் கரைசல், 37 டிகிரி. ஒரு மாணவர் குடலைச் சுருக்கும் ஹிஸ்டமினை ஊற்றிவிட்டுக் கழுவாமல் விட்டார். சுருக்கத்தைப் பதியும் கோடு ஏறியது, தானாக இறங்கியது. கழுவிவிட்டு அதே அளவைத் திரும்பக் கொடுத்தால் பாதிகூட ஏறவில்லை. வேறு ஏற்பி வழியாகக் குடலைச் சுருக்கும் அசிட்டைல்கோலின் கொடுத்ததும் முழு உயரம்! வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. இன்னும் நேரம் விட்டிருந்தால் அசிட்டைல்கோலினுக்கும் மந்தமாகியிருக்கும், அது வேறு கதை.

பாக்கெட்டில் பாட்டில்
எனக்கு மூக்கு. ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு. சட்டையில் ஒன்று, பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று. கடைசியில் விட்ட மறுநிமிடமே அடைத்துக்கொண்டது.

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். இந்தச் சொட்டு மூக்கின் இரத்தக்குழாய்த் தசையைச் சுருக்கித்தான் வழிவிடுகிறது. மூன்று முதல் ஐந்து நாளுக்கு மேல் போகாதீர்கள். போய்விட்டீர்களா, சரி, ஒரு துளையை மட்டும் முதலில் நிறுத்துங்கள், மற்றதில் மூச்சு விடலாம். டாக்டரிடம் கேட்டு ஸ்டீராய்டு ஸ்பிரே ஆரம்பியுங்கள், அதற்குப் பலன் தெரியச் சில நாள் பிடிக்கும், அதுவரை பொறுமை. உப்புநீரால் கழுவுங்கள், கொதிக்கவைத்து ஆறிய நீர்தான். தலையை உயர்த்திப் படுங்கள். ‘இன்று மட்டும் ஒரு சொட்டு’ என்று ஆரம்பித்தால் எல்லாம் முதலிலிருந்து. வேறு பெயரில் வரும் சைலோமெட்டாசோலினும் அதே வகைதான், மாற்றிக்கொண்டு தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள்.

பேட்ச் மகன்
அப்பாவுக்கு நைட்ரோகிளிசரின் பேட்ச், இரத்தக்குழாயைத் தளர்த்த தோலில் ஒட்டுவது. முதலில் மண்டை பிளக்கும் தலைவலி, போகப்போகத் தலைவலி போனது, கூடவே பலனும் போனது. தினமும் இரவில் கழற்றச் சொன்னார்கள், சரியாயிற்று. இதுவும் ஏற்பிதானே சார்?

மருந்தியல் வாத்தியார்
இல்லை. நைட்ரேட் ஏற்பி வழியாகப் போவதில்லை. தசைக்குள் அதை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றித்தரும் நொதி செயலிழப்பது முக்கியக் காரணம். அதே நைட்ரோகிளிசரினைக் கையாண்ட வெடிமருந்துத் தொழிலாளர்களுக்கு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் தலைவலி வந்ததும் இதனால்தான். இரண்டு நாள் இடைவெளியில் பழக்கம் விட்டுப்போயிருக்கும்.

பேட்ச் மகன்
நொதியோ ஏற்பியோ, கழற்றினால் வேலை செய்கிறது.

நீல இன்ஹேலர்காரி
சிஸ்டர், கார்போப்ரோஸ்ட் என்னைப் போல இழுப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்று படித்தேன். உண்மையா?

பிரசவ அறைச் செவிலி
உண்மை. மூச்சுக்குழல் தசையையும் சேர்த்து இறுக்கிவிடும்.

நீல இன்ஹேலர்காரி
அப்போ பிபியும் இருந்தால்?

பிரசவ அறைச் செவிலி
கர்ப்பப்பையை இறுக்க மிசோப்ரோஸ்டால் இருக்கிறது, இரத்தப்போக்குக்கு டிரானெக்சாமிக் அமிலம் இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் பலூன் வைக்கலாம். அதற்கும் நிற்காவிட்டால் அறுவை அரங்கு. பிரசவத்துக்குச் சேரும்போதே இழுப்பு இருப்பதைச் சொல்லிவிடுங்கள், கேஸ் ஷீட்டின் மேலேயே எழுதிவைப்போம்.